துவக்கு, எண் 417

அட்டையில் வேட்டைத் துப்பாக்கி,
சுமார் 1840 என்று இருக்கிறது.
வீட்டில் நாங்கள் கதைக்கும் தமிழில் இது துவக்கு.
ஆரம்பி என்றாலும் அதே சொல்தான்.
ஆனாலும் மூன்று நாளாக
நான் எதையும் ஆரம்பிக்கவில்லை.

புர்க்டோர்ஃபில் மழை.
நிலவறை அருங்காட்சியகத்தின் உயரமான ஜன்னலில்
ஆட்களின் கணுக்கால்கள் மட்டும் போகின்றன.
ரேகுலா இரண்டு முறை எட்டிப் பார்த்தாள்.
ஜூன் ஐந்து திறப்பு விழா.
பளபளப்பாக இருந்தால் நல்லது என்றாள்.

முதலில் சோதனை.
குழலின் அடியில், யாரும் பார்க்காத இடத்தில்,
இருபது ராப்பன் காசளவு வட்டம்.
தண்ணீர்: ஒன்றுமில்லை.
எத்தனால்: பஞ்சு போன நிறத்திலேயே திரும்பியது.
அசிட்டோன்: தேநீர் நிறம்.

ஆக, வார்னிஷ்தான்.
பூசிய அன்று தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்திருக்கும்.
தெளிவாக இருப்பதற்கும் ஒரு வயதெல்லை உண்டு போல.

பழைய பதிவேட்டில் பென்சிலால் ஒரு வரி:
"மார்ச் 1961. எல்லாம் பூசி முடித்தேன். ஏஷ்லிமான்."
பள்ளிக்கூடத்துக் காவலாளியாம்.
சனிக்கிழமைகளில் இங்கே வந்து
கதவுக்குப் பூசுகிற தூரிகையால்
எண்பது துவக்குகளுக்கும் பூசியிருக்கிறார்.
தூரிகையின் மயிர் ஒன்று குழலோடு ஒட்டி
அப்படியே காய்ந்து கிடந்தது.
இடுக்கியால் எடுத்துக் குப்பியில் போட்டு
அதற்கும் எண் கொடுத்தேன்.

மூங்கில் குச்சியில் பஞ்சைச் சுற்று,
நனை, ஒற்று, ஒரே ஒரு முறை உருட்டு, எறி.
தேய்க்கக் கூடாது.
வார்னிஷின் மஞ்சள் எங்கே முடிகிறது,
இரும்புக்கு அன்று ஏற்றிய பழுப்பு எங்கே தொடங்குகிறது
என்று கை அறிவதற்குள்
ஒரு நூற்றாண்டைத் துடைத்துவிடலாம்.
புற ஊதா விளக்கைப் போட்டால்
மிச்சமிருக்கும் இடமெல்லாம் வெளிறிப் பச்சையாக எரியும்.
அணைத்துவிட்டு மறுபடி பஞ்சு.

பூச்சுக்கு அடியில்
கறையான் போன வழி மாதிரி
நூல் நூலாகத் துரு.
மேலே காப்பு, உள்ளே பயணம்.
பூட்டுத் தகட்டில் முயலைத் துரத்துவது நாய் என்கிறது அட்டை.
மஞ்சள் விலகியதும் வால் தெரிந்தது.
அது நரி.

பிறகு, பூட்டுக்குப் பின்னால்,
வரி வரியாக ஒரு சுழி.
அழுக்கு என்று நினைத்து
உருப்பெருக்கியை இழுத்தேன்.
பெருவிரல்.
துவக்கைத் திருப்பி வைக்க
வெறுங்கையால் பிடித்திருக்கிறார்.
வியர்வையின் உப்பு இரும்பைக் கடித்திருக்கிறது.
அதன் மேலேயே தூரிகையை ஓட்டி
தன் விரலைத் தானே பூட்டிவிட்டு
சனிக்கிழமைச் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறார்.

சின்னக் கத்தியால் சுரண்டினால்
இரண்டு நிமிட வேலை.
அதையும் எடுத்துவிடேன் என்றாள் ரேகுலா.

க்ராய்ட்ஸ்லிங்கனில், எனக்குப் பதினைந்து வயதில்,
பத்து விரலையும் ஒவ்வொன்றாக உருட்டி எடுத்தார் ஒருவர்.
நல்ல மனிதர்.
நீ அழுத்தாதே, தளர்வாக விடு,
நான் உருட்டுகிறேன் என்று சைகையில் சொன்னார்.
துடைக்கத் தாள் தந்தார்.
நகக்கண்ணில் மை நான்கு நாள் இருந்தது.
அந்த அட்டை இப்போது எந்த நிலவறையில்,
என்ன எண்ணில் இருக்கிறதோ.

நீலக் கையுறையைக் கழற்றாமல்
மெழுகைச் சூடாக்கி
குழலுக்கும் நரிக்கும் முயலுக்கும் தடவினேன்.
பெருவிரலுக்கும் மெல்லிசாக ஒரு கை,
இனிமேல் அது வளராதபடி.

அறிக்கையில் எழுதினேன்:
கைரேகை ஒன்று. வலது பெருவிரலாக இருக்கலாம்.
அகற்றவில்லை.
காரணம் என்ற கட்டத்தில் இரண்டு வரிக்குத்தான் இடம்.
நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
"பூச்சு அல்ல" என்று போட்டேன்.

ரேகுலா கையெழுத்திட்டாள்,
ஒன்றும் கேட்கவில்லை.

418 பக்கத்தில் கிடக்கிறது.
அதே தூரிகை, அதே மஞ்சள்.
குச்சியில் பஞ்சைச் சுற்றுகிறேன்.